எய்ம் டிரெய்னர்: கை கற்பதும் கல்லாததும்

கவுன்டர் ஸ்ட்ரைக், வாலரன்ட் போன்ற துப்பாக்கி ஆட்டங்களில் ஒரு மேட்ச் அரைமணி நேரத்தைத் தாண்டும். அதில் பெரும்பகுதி நடப்பதிலும் பதுங்கிக் காத்திருப்பதிலும் கழிந்துவிடும். குறிபார்த்துச் சுடும் நொடிகளைக் கூட்டினால் சொற்பமே தேறும். அந்த நொடிகளை மட்டும் பிரித்தெடுத்துத் தருபவை கோவாக்ஸ், எய்ம் லேப் போன்ற எய்ம் டிரெய்னர் மென்பொருள்கள். எய்ம் லேபின் கிரிட்ஷாட் என்ற பயிற்சியில் எதிரே எப்போதும் மூன்று உருண்டைகள் இருக்கும். ஒன்றைச் சுட்டால் வேறிடத்தில் இன்னொன்று முளைக்கும். 60 நொடியில் ஆட்டம் முடிந்துவிடும். இதற்கும் நிஜ ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் முதலில் கையின் வேலையைக் கவனிக்க வேண்டும். வேகமான அசைவு இரண்டு கட்டமாக நடக்கிறது என்று 1899-லேயே ராபர்ட் உட்வொர்த் என்ற அமெரிக்க உளவியலாளர் காட்டினார்: முதலில் இலக்கை நோக்கி ஒரு வீச்சு, பிறகு கண் பார்த்துச் செய்யும் திருத்தம். குறி தவறிய சூட்டின் பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இது அப்படியே தெரியும். கிராஸ்ஹேர் எனும் குறிப்புள்ளி எதிரியின் தலையைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும்; அல்லது முன்பே நின்று ஊர்ந்து சேரும். மேட்சில் அந்தத் தவறுக்குச் சாவுதான் பலன், அதே வாய்ப்பு மறுபடி வராது. டிரெய்னரில் அடுத்த கணமே வரும். மவுஸ் சென்சிட்டிவிட்டி மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

‘ஆட்டத்தையே ஆடினால் போதாதா?’ என்ற வாதத்திலும் பாதி நியாயம் உண்டு. இலக்கு தூரமாகவும் சிறிதாகவும் இருந்தால் அடைய நேரம் கூடும் என்பது 1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் வகுத்த விதி. அனுபவசாலி செய்வது தூரத்தையே குறைப்பது: எதிரி எட்டிப்பார்க்கப்போகும் மூலையில், தலை உயரத்தில், கிராஸ்ஹேரை முன்கூட்டியே வைத்திருப்பார். ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும் என்பதால் நின்று சுடவும் அவருக்குத் தெரியும். எந்த உருண்டையும் இதைக் கற்றுத்தராது.

ஸ்கோர் ஏறுகிறதே என்பார்கள். ஏறும், ஆனால் அது கிரிட்ஷாட்டில் மட்டும் வந்த தேர்ச்சியாகவும் இருக்கலாம். 1979-இல் ஷே, மார்கன் என்ற ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில், ஒரே அசைவைத் தொடர்ந்து பழகியவர்கள் பயிற்சியின்போது முந்தினார்கள். பல அசைவுகளைக் கலந்து பழகியவர்களோ பிற்பாடு வைத்த தேர்வில் முந்தினார்கள். ஆகவே ஸ்கோரைத் துரத்தாமல், பலவகைப் பயிற்சிகளைக் கலந்து, மேட்சுக்கு முன் கால்மணி நேரம் செய்தால் போதும் என்பது என் கட்சி. எதைத் தேர்வது என்பதை ஆட்டமே சொல்லும்: ஒரே குண்டில் தலை சாயும் வாலரன்டுக்குச் சட்டென்று பாய்ந்து சுடும் பயிற்சி, எதிரியைத் தொடர்ந்து சுட்டுக்கொண்டே இருக்க வேண்டிய ஏபெக்ஸ் லெஜண்ட்ஸுக்கு, நகரும் உருண்டையைவிட்டு கிராஸ்ஹேர் விலகாமல் ஓட்டும் பயிற்சி.