புதுப் பூனை கட்டிலுக்கு அடியிலிருந்து வரவே மாட்டேங்குதா? அபார்ட்மென்ட்டில் பூனை வளர்ப்போர் கவனத்துக்கு!

ஆசையாக ஒரு பூனையைத் தத்தெடுத்து ஃபிளாட்டுக்குக் கொண்டு வந்தாச்சு. கூடையைத் திறந்ததும் ஒரே ஓட்டம். கட்டிலுக்கு அடியில் புகுந்ததுதான், ராத்திரி வரை ஆளையே காணோம். தட்டில் வைத்த சாப்பாடும் அப்படியே இருக்கு. 'நம்மளைப் பிடிக்கலையோ, திருப்பிக் கொடுத்துடலாமா' என்று மறுநாளே வீட்டில் பேச்சு ஆரம்பிச்சிடும்.

அவசரப்படாதீங்க. புது இடத்தில் பூனை ஒளிஞ்சுக்கிறது ரொம்ப சாதாரணம்.

பூனை ஏன் ஒளிகிறது?

பூனைக்கு ஆள் பழகுவதற்கு முன்னாடி இடம் பழகணும். கன்னத்தை சோபாவிலும் கதவிலும் உரசித் தன் வாசனையைப் பதிய வைக்கும். அந்த வாசனை இருக்கிற இடம்தான் அதுக்குச் சொந்த இடம். நம்ம ஃபிளாட்டிலோ மிக்ஸி, காலிங் பெல், மேல் வீட்டில் நாற்காலி இழுக்கிற சத்தம் என எல்லாமே அதுக்குப் புதுசு.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளைக் கவனித்து 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒளிந்துகொள்ள பெட்டி கிடைத்த பூனைகளுக்கு, கிடைக்காத பூனைகளைவிட முதல் சில நாட்களில் மன அழுத்தம் குறைவாக இருந்தது. அதாவது, ஒளிய விட்டால்தான் சீக்கிரம் பழகுது. கையை விட்டு வெளியே இழுப்பது, குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுவது, ஃபிளாஷ் போட்டு ரீல்ஸ் எடுப்பது எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

ஒரே ஒரு அறை போதும்

பலரும் செய்யும் தப்பு, முதல் நாளே முழு வீட்டையும் திறந்து விடுவது. ஆள் நடமாட்டம் குறைவான ஓர் அறையைக் கொடுங்க. ஒரு மூலையில் சாப்பாடு, தண்ணீர். எதிர் மூலையில் பூனை மணல் போட்ட தட்டு. ரெண்டையும் பக்கத்தில் வைக்காதீங்க, கழிப்பறை பக்கத்தில் இலை போட்டால் நாம சாப்பிடுவோமா? கூரியரில் வந்த அட்டைப்பெட்டியில் வாசல் வெட்டிக் கொடுத்தால் அதுவே போதும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் 'கேட் ஹவுஸ்' அப்புறம் பார்த்துக்கலாம்.

பழைய இடத்தில் என்ன சாப்பிட்டதோ, எந்த மணலைப் பயன்படுத்தியதோ, கொஞ்ச நாளைக்கு அதையே தொடருங்க. அது படுத்திருந்த துணியைத் துவைக்காமல் அப்படியே வாங்கிட்டு வந்து பெட்டிக்குள் போடுங்க.

நீங்க செய்ய வேண்டியது, தினமும் அந்த அறைத் தரையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்வதுதான். கூப்பிட வேண்டாம், முறைத்துப் பார்க்கவும் வேண்டாம். அது உங்களைப் பார்த்தால் மெதுவாகக் கண்ணை மூடித் திறங்க. சிரிக்காதீங்க, பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020-ல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இது. அப்படிக் கண் சிமிட்டிய மனிதர்களிடம் பூனைகளும் கண் சிமிட்டின, புது ஆளிடமும் நெருங்கி வந்தன. பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள். இங்கே நட்பே அப்படித்தான் தொடங்குது.

3 நாளில் பயம் குறையும், 3 வாரத்தில் வீட்டுப் பழக்கம் பிடிபடும், 3 மாதத்தில் சொந்த வீடாகும் என்று தத்துக் கொடுப்பவர்கள் சொல்வதுண்டு. இது தோராயக் கணக்குதான். தெருவில் அடிபட்டு வந்த பூனைக்கு இன்னும் நாளாகலாம். அறைக்குள் வாலைத் தூக்கிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சா, அடுத்த அறையைத் திறக்கலாம்.

பால்கனி உஷார்!

'பூனை எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்கும்' என்பதை நம்பி பால்கனியைத் திறந்து வைக்காதீங்க. நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றிய 1987-ம் ஆண்டு ஆய்வில் 90 சதவீதம் பிழைத்தன. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் விழுந்த இடத்திலேயே இறந்தவை அந்தக் கணக்கில் வராது. பிழைத்தவற்றிலும் நுரையீரல் காயம், தாடை உடைவு, கால் முறிவு சகஜம்.

கொசுவலையைப் பூனை நகத்தால் கிழித்துவிடும். புறாவுக்காகக் கட்டுகிறோமே, அந்த கெட்டி வலையை இழுத்துக் கட்டுங்க, கீழ் ஓரத்தில் இடைவெளி இல்லாமல். பூனை வருவதற்கு முன்பே இந்த வேலையை முடிச்சிடுங்க. வாசல் கதவும் அப்படித்தான். டெலிவரி வாங்கத் திறக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் படிக்கட்டில் இறங்கி ஓடிடும்.

இன்னும் சில ஆபத்துகள்: ஃபினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கினால் பூனைக்கு விஷமாகலாம். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரைகூட உயிரைப் பறிக்கும். நாய்க்கான உண்ணி மருந்தைத் தடவவே கூடாது. பூங்கொத்தில் வரும் லில்லி சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பால்? பல வளர்ந்த பூனைகளுக்குச் செரிக்காது, தண்ணீரே போதும்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

முதல் ராத்திரி சாப்பிடாதது பெரிய விஷயமில்லை, நாம தூங்கிய பிறகு சாப்பிடும் பூனைகள் நிறைய. ஆனால் 24 மணி நேரம் தாண்டியும் தட்டு அப்படியே இருந்தால் கால்நடை மருத்துவருக்கு போன் பண்ணுங்க. குட்டியாக இருந்தால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். சில நாள் பட்டினி கிடந்தாலே, அதுவும் குண்டுப் பூனை என்றால், கல்லீரல் பாதிக்கப்படும்.

ஆண் பூனை திரும்பத் திரும்ப மணல் தட்டில் உட்கார்ந்து முக்குது, சிறுநீர் வரலை என்றால் விடியட்டும் என்று இருக்காதீங்க. அடைப்பாக இருந்தால் ஓரிரு நாளில் உயிரே போகலாம். ராத்திரியும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை உங்க ஏரியாவில் எது என்று இப்பவே விசாரித்து, நம்பரை போனில் சேவ் பண்ணி வைங்க.