கல்லறைச் சாந்து சொன்ன வயது

நான்கு நற்செய்திகளும் இயேசு உயிர்த்தெழுந்ததை அறிவிக்கின்றன. ஆனால் அவர் எழுந்த அந்த நொடியை நால்வரில் ஒருவர்கூட வர்ணிக்கவில்லை. ஓய்வுநாள் கழிந்த விடியற்காலையில் பெண்கள் வருகிறார்கள். வாசற்கல் அகற்றப்பட்டிருக்கிறது, உள்ளே உடல் இல்லை. யோவான் மட்டும், தலையைச் சுற்றியிருந்த துணி மற்றத் துணிகளோடு சேராமல் தனியே சுருட்டிக் கிடந்ததைக்கூடக் கவனித்துச் சொல்கிறார். எல்லாமே ஒரு வெறுமையான பாறை அறையைச் சுற்றித்தான் நடக்கிறது. அந்த அறை எங்கே இருந்தது?

எருசலேமில் திருக்கல்லறை ஆலயத்துக்குள் நிற்கும் சிறு மண்டபத்தைத்தான் மரபு காட்டுகிறது. 1808 தீ விபத்துக்குப் பின் எழுப்பிய மண்டபம் அது. சரியாமலிருக்க 1947இல் இரும்புச் சட்டம் பொருத்தினார்கள். 2016 அக்டோபரில், ஏதென்ஸ் தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அந்தோனியா மொரோபூலுவின் குழு சீரமைப்புக்காக உள்ளே இருந்த பளிங்குப் பலகையை நகர்த்தியது. அடியில் இடிபாட்டு மண். அதற்குக் கீழே சிலுவை செதுக்கிய, விரிசல் கண்ட சாம்பல்நிறப் பளிங்கு. அதற்கும் கீழே சுண்ணாம்புப் பாறையில் வெட்டிய படுக்கை. சுமார் 60 மணி நேரத்தில் மறுபடி மூடிவிட்டார்கள்.

அந்தப் பழைய பளிங்கைப் பாறையோடு ஒட்டியிருந்த சாந்துதான் ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம். சாந்தில் கலந்த மணலின் குவார்ட்ஸ் துகள்களுக்குள், சுற்றிலும் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தின் மெல்லிய கதிர்வீச்சால் எலெக்ட்ரான்கள் சிக்கிக்கொண்டே போகும். குடத்தில் நீர் சொட்டுச் சொட்டாய்ச் சேர்வதைப் போல. வெயில் பட்டால் குடம் காலி. சாந்து பூசி மூடிய பிறகோ வெளிச்சம் கிடையாது, எனவே சேமிப்பு அன்றிலிருந்து தொடங்குகிறது. வெளிச்சம் படாமல் எடுத்த துகள்மேல் ஆய்வகத்தில் ஒளியைப் பாய்ச்சினால், சிக்கியவை விடுபட்டு மங்கலாக ஒளிரும். அந்த ஒளிர்விலிருந்து மொத்தக் கதிர்வீச்சைக் கணித்து, ஆண்டுக்குச் சேரும் அளவால் வகுத்தால் வயது கிடைக்கும். கிடைத்த விடை: ஏறத்தாழ கி.பி. 345.

பேரரசர் கான்ஸ்டன்டைன் அங்கே கட்டிய ஆலயம் 335இல் அர்ப்பணிக்கப்பட்டது. 1009இல் கலீபா அல்-ஹாகிம் அதை இடிக்கச் செய்தார். அத்தனை அழிவுக்கும் தப்பி முதல் ஆலயக் காலத்துச் சாந்து மிஞ்சியிருந்தது பெரிய செய்திதான். ஆனால் அந்தப் படுக்கையில் யாரைக் கிடத்தினார்கள் என்று எந்த மணலும் சொல்லாது. மூன்றாம் நாள் நடந்தது ஆய்வகக் கருவிக்கு எட்டுவதும் அல்ல.

என்னை அதைவிட வியக்கவைப்பது இயேசுவின் அடக்கத்துக்கும் அந்த ஆலயத்துக்கும் இடையிலுள்ள முந்நூறு ஆண்டுகள். யூதர்கள் ஊருக்கு வெளியேதான் அடக்கம் செய்வார்கள். இந்த இடமோ கான்ஸ்டன்டைன் காலத்தில் நகரின் நடுவே இருந்தது; மேலே ரோமப் பேரரசர் ஹேட்ரியன் எழுப்பிய கோயில் வேறு. புதிதாகக் கற்பனை செய்பவர் இதைத் தேர்ந்திருப்பாரா? இயேசுவின் காலத்தில் இது மதிலுக்கு வெளியே கிடந்த பழைய கல்குவாரி. ஏறக்குறைய பத்தாண்டுகள் கழித்து அக்ரிப்பா மன்னர் கட்டத் தொடங்கிய மதில்தான் இதை உள்ளே இழுத்தது. அங்கே கல்லறைகள் இருந்தன என்பதற்கு ஆலயத்துக்குள்ளேயே சான்று உண்டு: மண்டபத்துக்குப் பின்னே, ஆள் நீளத்துக்குப் பாறையைக் குடைந்த யூதக் கல்லறை மாடங்களை இன்றும் குனிந்து பார்க்கலாம்.