நடுவில் ஒரு ராத்திரி

திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மண்டபம் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பார்ப்பார்கள். வாசலில் நின்று முகப்பை அண்ணாந்து பார்ப்பார்கள். உள்ளே வந்து மேடையேறி ஹாலைப் பார்ப்பார்கள். எத்தனை நாற்காலி, ஏசி முழுக்க ஓடுமா, கார் எத்தனை நிற்கும் என்று கேட்பார்கள். மணமகள் அறையில் ஆள் உயரக் கண்ணாடி இருக்கிறதா என்று பெண்ணின் அம்மா எட்டிப் பார்ப்பார். அப்புறம் வாடகை, பேரம், அட்வான்ஸ். சமையற்கட்டுக்குள் நுழைந்து பார்த்தவர்கள் கொஞ்சப் பேர். மொட்டை மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தவர் யாரும் எனக்கு நினைவில்லை.

வரவேற்பு, முகூர்த்தம் இரண்டும் ஒரே மண்டபத்தில் என்று தீர்மானித்துவிட்டீர்கள் என்றால், ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்த மண்டபம் எப்படி இருக்கும் என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். அலங்காரம் எந்த மண்டபத்திலும் காசு கொடுத்தால் வந்துவிடும். படுக்க இடமும் குளிக்க வெந்நீரும் அப்படி வராது.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலான மண்டபங்களின் கணக்கு, முதல் நாள் மதியம் மூன்று மணிக்குச் சாவி, மறுநாள் மூன்று மணிக்கு ஒப்படைப்பு. முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் வரவேற்பு வைக்கும் வழக்கம் இத்தனை பரவியதற்கு இந்த வாடகைக் கணக்கும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். தாலி ஏறுவதற்கு முன்னால் ஜோடியாக மேடையில் நிற்பதாவது என்று முகம் சுளிக்கிற பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் தாலி கட்டிய அன்று சாயங்காலமே அதே மண்டபத்தில் வரவேற்பு என்றால் இன்னொரு நாள் வாடகை ஆகும். அடுத்தடுத்து முகூர்த்தம் இருக்கிற தை, ஆவணி மாதிரி மாதங்களில் காசு கொடுத்தாலும் கிடைக்காது. மூன்று மணிக்கு அடுத்த வீட்டுக்காரர் சீர்வரிசைத் தட்டுகளோடு வாசலில் நிற்பார். அன்று சாயங்காலம்தான் வரவேற்பு வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள், பஞ்சாங்கத்தில் மறுநாள் முகூர்த்தம் இல்லாத தேதியாகப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். தேதியைக் குறித்துவிட்டு வந்து என்னிடம் மல்லுக்கட்டிப் பயனில்லை.

இப்போது மேடைக்கு வருகிறேன். வரவேற்புக்குச் சோபா, பின்னால் பூச்சுவர், எல்இடி திரை. விடியற்காலையில் அதே மேடையில் மணவறை, அரசாணிக்கால், முளைப்பாலிகை, ஹோமகுண்டம். முதலாவது கலைந்தால்தான் இரண்டாவது எழும். பத்து மணிக்கு வரவேற்பு முடிகிறது என்று பத்திரிகையில் போட்டிருந்தாலும், போட்டோகிராபர் "மாப்ள, ஒரே ஒரு ஸ்டில்" என்று பதினொன்று வரை இழுப்பார். அதற்குப் பிறகுதான் டெகரேஷன் பையன்கள் சட்டத்தைக் கழற்ற ஆரம்பிப்பார்கள். இரும்புக் குழாய் தரையில் விழுகிற சத்தத்தில், ஹாலிலேயே ஜமக்காளம் விரித்துப் படுத்த கிழவிகள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். முகூர்த்த நாளில் அந்தப் பையன்களுக்கு ஊரில் இரண்டு மூன்று மண்டபத்தில் வேலை இருக்கும். ஒரு தடவை பெண்ணின் அப்பா ராத்திரி ஒரு மணிக்கு என்னை எழுப்பினார்.

"சார், மேடையில ஒண்ணுமே இல்ல சார். வெறும் பலகைதான் கெடக்கு."

"டெகரேஷன்காரருக்குப் போன் போட்டீங்களா?"

"வேற மண்டபத்துல இருக்காராம். மூணு மணிக்கு வந்துடுறேங்கிறாரு. ஆறு மணிக்கு முகூர்த்தம் சார்."

மூன்றரைக்கு வந்தார்கள். ஐந்தரைக்கு வாழைத்தார் கட்டி முடித்தார்கள். அதற்குள் அந்த மனிதர் பாதி ஆளாகிவிட்டார். மாலைக்கு முழம் போட்டுப் பேரம் பேசுகிறோம். பன்னிரண்டு மணிக்கு ஆள் எங்கே இருப்பான், எத்தனை பேர் வருவார்கள் என்று டெகரேஷன்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ள யாருக்கும் தோன்றுவதில்லை.

மேடை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் பாருங்கள். சாஸ்திரிகள் வந்ததும் மணமக்களைக் கிழக்கு பார்த்து உட்காரச் சொல்வார். மேடை தெற்கு பார்த்து இருந்தால் அவர்கள் பக்கவாட்டில் திரும்பி உட்கார வேண்டிவரும். ஹாலில் இருப்பவர்களுக்கு மாப்பிள்ளையின் காதும், குனிந்து மந்திரம் சொல்லும் சாஸ்திரிகளின் முதுகும்தான் தெரியும். வரவேற்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை, முகூர்த்தத்துக்குப் பெரிய பொருட்டு. ஹோமப் புகை வெளியேற எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதா என்பதும் அப்படித்தான். மூடிய ஏசி ஹாலில் சமித்து புகைந்தால் முன்வரிசை முழுக்கக் கண்ணைக் கசக்கும். மாடியில் சின்னதாக இன்னொரு ஹால் உள்ள மண்டபம் கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூடுதலானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பேன். சாயங்காலமே அங்கே மணவறை கட்டிவிடலாம், யார் தூக்கமும் கெடாது.

தண்ணீருக்கு வருவோம். சென்னையிலிருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் விடியலில் ஜங்ஷனில் இறங்கி, பெட்டியோடு நேரே மண்டபத்துக்கு வருவார்கள். ராத்திரி தங்கியவர்களும் அந்த நேரத்துக்குத்தான் எழுந்திருப்பார்கள். ஆறு மணி முகூர்த்தம் என்றால் நாலரையிலிருந்து ஐந்தரைக்குள் நூறு பேர் குளிக்க வேண்டும், அதிலும் பெண்கள் தலைக்குக் குளிக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு வாளி என்று வைத்தாலும் நாலாயிரம் லிட்டர் ஒரு மணி நேரத்தில் இறங்கும். அதே தொட்டியிலிருந்துதான் சமையற்கட்டுக்கும் குழாய் போகிறது என்றால், இட்லிக்கு அடுப்பு மூட்டுகிற நேரத்தில் சமையல்காரர் "மேனேஜர் அண்ணே, தண்ணி வரல" என்று கத்துவார். ஆகவே தொட்டி எத்தனை லிட்டர், போர் தண்ணீரா லாரி தண்ணீரா, நடுராத்திரி மோட்டார் போட ஆள் உண்டா என்று கேளுங்கள். எத்தனை ரூம் என்று மட்டும் கேட்டால் போதாது, எத்தனை பாத்ரூம், அதில் எத்தனையில் கீசர் வேலை செய்கிறது என்றும் கேளுங்கள். திறந்து பார்த்துவிட்டே வாருங்கள். மாப்பிள்ளை வீட்டார் தளத்தில் வெந்நீர் இல்லாமல் போனதை இருபது வருஷம் கழித்தும் சொல்லிக் காட்டுகிற சம்பந்திகளை எனக்குத் தெரியும்.

சாப்பாட்டுக் கூடத்துக்குச் சின்னக் கணக்கு போதும். ஒரு பந்தியில் 250 பேர் உட்காரலாம், ஒரு பந்திக்கு இலை போட்டுப் பரிமாறி எடுக்க நாற்பது நிமிஷம் என்றால், ஆயிரம் பேருக்கு நான்கு பந்தி, ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். வரவேற்புக் கூட்டம் ஏழரையிலிருந்து எட்டரைக்குள்தான் மொத்தமாக வந்து இறங்கும். கூடம் சிறிதாக இருந்தால், சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவர் ரசம் ஊற்றிக்கொண்டாரா மோர் ஊற்றிக்கொண்டாரா என்று பார்க்கும் வேலை நம் விருந்தாளிகளுக்கு வந்துவிடும். காலையில் கூட்டம் பரவி வரும், பயமில்லை. இன்னொன்று, சாவி மூன்று மணிக்கு என்றாலும் சமையற்கட்டை அன்று காலையிலேயே திறந்துவிடுவார்களா என்று பேசிக்கொள்ளுங்கள். ராத்திரி விருந்துக்கு மூன்று மணிக்குக் காய் நறுக்க ஆரம்பித்தால் எந்தக் கொம்பனாலும் முடியாது.

வாடகை என்று சொல்வது வெறும் வாடகைதான். ஒன்றரை லட்சம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி 27,000 சேர்ந்து 1,77,000 ஆகும். கரண்ட் யூனிட் கணக்கு, ஜெனரேட்டர் மணிக்கணக்கு, துப்புரவு, குப்பை அள்ள, சிலிண்டர், பாத்திரம் எல்லாம் தனி. சாவி வாங்கும்போதே மீட்டரை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஜெனரேட்டர் மீட்டரையும் சேர்த்து. திருப்பிக் கொடுக்கும்போது தகராறு இருக்காது. பாட்டுக் கச்சேரி வாசலில் என்றால், ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. நாங்கள் நிறுத்தச் சொன்னால் எங்கள் மேல் கோபப்படக் கூடாது.

இவ்வளவும் இருந்தும் எல்லாருக்கும் ஒரே இடம்தான் சரி என்று நான் சொல்ல மாட்டேன். வயலூர் முருகன் சன்னதியில் தாலி கட்டுவதாக வேண்டிக்கொண்ட குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய. அவர்களுக்கு நான் சொன்ன யோசனை வேறு. கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள், வயதுச் சான்று, முதல் திருமணம்தான் என்பதற்கான சான்று எல்லாம் கேட்பார்கள். முகூர்த்த நாளில் அங்கே வரிசையாகக் கல்யாணங்கள் நடக்கும், இரு வீட்டு நெருங்கிய சொந்தம் மட்டும் போனால் நிம்மதி. வேன் எடுத்தால் போகவர இரண்டுக்கும் பேசுங்கள். கோயில் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிவு செய்யப் போகும்போது உதவும். ஊரைக் கூப்பிட்டு விருந்து வைப்பதை அன்று சாயங்காலம் மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம். யாரும் ராத்திரி தங்கப் போவதில்லை, மணவறையும் கிடையாது. அப்போது முழு நாள் வாடகைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அரை நாள் ரேட் என்று ஒன்று எல்லா மேனேஜரிடமும் உண்டு, கேட்டால்தான் சொல்வோம்.