ஆசை எப்போது இலக்காகிறது?



'வாழ்க்கையில் ஓர் இலக்கு வேண்டும்' என்ற அறிவுரையைப் பரிசளிப்பு விழா மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். கேட்கின்ற மாணவர்களும் தலையசைக்கிறார்கள். ஆனால் ஆசை என்பது எது, இலக்கு என்பது எது, ஒன்று மற்றொன்றாக எப்போது மாறுகிறது என்பதை மேடையில் எவரும் விளக்குவதில்லை. நமது இலக்கிய மரபு இதற்கு என்ன விடை தருகிறது என்று பார்ப்பதே இன்றைய உரையின் நோக்கம்.

இலக்கு என்பது வில்லாளி குறிவைக்கும் பொருள். அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அம்பு சென்றடையும் தூரத்தில் இருக்க வேண்டும். அம்பு தைத்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்லக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாதது ஆசை. ஆசை தவறானதன்று, ஆயினும் அதை நோக்கி அம்பு தொடுக்க முடியாது.

ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் உயர்தர வகுப்பு மாணவர்களிடம், அடுத்த மூன்றாண்டில் முடிக்க விரும்புவதை ஒரு தாளில் எழுதித் தருமாறு கேட்பது என் வழக்கம். 'நல்ல நிலைக்கு வருவேன்', 'குடும்பத்தைத் தாங்குவேன்', 'தமிழுக்குத் தொண்டு செய்வேன்' என்றெல்லாம் எழுதுவார்கள். நான் ஒன்றையே திருப்பிக் கேட்பேன்: "தம்பி, அது முடிந்துவிட்டது என்பதை எதைப் பார்த்துச் சொல்லுவீர்?" பலருக்கு விடை கிடைக்காது. அந்தத் திகைப்பிலிருந்துதான் பாடம் தொடங்குகிறது.

திருக்குறளின் பொருட்பாலில் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன அவை. அரசியல் என்ற பகுப்பில், மன்னனை முன்னிறுத்திச் சொல்லப்பட்டவை. ஆயினும் ஆளுவதற்கு நாடில்லாத நமக்கும் ஆளுவதற்கு ஒரு வாழ்நாள் இருக்கிறது. எதைச் செய்வது, என் வலிமை எவ்வளவு, எந்தக் காலம் ஏற்றது, எந்த இடம் உதவும் என்ற இந்த நான்கு வினாக்களையும் தாண்டி வருகின்ற ஆசையே இலக்காகிறது.

இதற்குத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் ஒரு தெளிவான சான்று உண்டு. உ.வே. சாமிநாதையர் 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அப்போது அவருக்கு வயது 25. அவ்வாண்டு ஒக்டோபரில், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் ஐயர் அடுக்கினார். முதலியாரோ அவற்றில் வியப்படையாமல், சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்திருக்கவில்லை.

அந்தக் கேள்வி ஐயரிடம் எதை விளைவித்தது என்பது கவனிக்கத்தக்கது. 'பழந்தமிழ் இலக்கியம் அனைத்தையும் மீட்பேன்' என்று அவர் சூளுரைக்கவில்லை. சிந்தாமணி என்ற ஒரே நூலைப் பொருள் தெரிந்து படிப்பது என்று தொடங்கினார். படிக்கப் படிக்க, பிரதிகளில் பிழை மலிந்திருப்பது தெரிந்தது. பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டார். ஒப்பிட்ட பின்னரே அச்சிட வேண்டும் என்ற உறுதி பிறந்தது. 1887இல் நூல் வெளிவந்தது. ஏழு ஆண்டுகள், ஒரு நூல். தெரிந்துசெயல்வகை என்பது இதுதான்.

வலியறிதலை எடுத்துக்கொள்வோம். மயிலிறகே ஆனாலும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறார் வள்ளுவர். சிந்தாமணி சமண காவியம். சமண சமயக் கொள்கைகள் ஐயருக்குத் தெரியாதவை. தமக்குத் தெரியாதது இன்னது என்று அறிந்த அவர், கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று கேட்டுக் கற்றார். கைப்பணம் போதாது என்பதால், நூலை வாங்குவதாக முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் பெற்றார். குறையை அறிவதும் வலியறிதலில் ஒரு பாதி என்பதை இங்கே காண்கிறோம்.

காலமறிதலுக்கு நம் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளையைச் சொல்லலாம். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் பதிப்பித்தார். வீரசோழியம் 1881இல்தான் வந்தது. அரசாங்கப் பணியிலிருந்து 1882இல் ஓய்வு பெற்றபின் வேகத்தைப் பாருங்கள்: 1883இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை. எடுத்துப் பிரிக்கும்போதே ஏடுகள் நொறுங்கும் நிலையைக் கலித்தொகைப் பதிப்புரையில் அவர் உருக்கத்தோடு எழுதியிருக்கிறார். உத்தியோக காலத்தில் கிடைத்ததைக் கொண்டு சிறிது செய்தார். ஓய்வுக் காலம் வந்ததும் அதை முழுவதும் இப்பணிக்கே திருப்பினார். செல்லுக்கும் கறையானுக்கும் நாளை என்பது கிடையாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இடனறிதலுக்குக் காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தர் சான்று. பழந்தமிழர் இசைக்கருவியான யாழைப் பற்றிய ஆராய்ச்சியில் அவர் நெடுங்காலம் ஈடுபட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம், இமயமலைச் சாரலில் மாயாவதி, இலங்கைப் பல்கலைக்கழகம் எனக் கடமைகள் அவரை இடம் மாற்றிக்கொண்டேயிருந்தன. எங்கு சென்றாலும் அந்த ஆராய்ச்சியும் கூடவே சென்றது. யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி சுவாமிகள் மறைந்தார்.

இவர்கள் பெரியவர்கள், நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். காலம் நம் கையில் இல்லையே என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில் நடந்தது. 2022க்குரியது 2023 ஜனவரி வரை தள்ளிப்போயிற்று. கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் பிள்ளைகளின் ஆண்டுகளைத் தின்றன. அந்த நாட்களில் 'பல்கலைக்கழகம் போவேன்' என்று மட்டும் எழுதியிருந்த மாணவர் சோர்ந்துபோனார். 'இந்தப் பாடத்தின் பத்தாண்டு வினாத்தாள்களையும் செய்து முடிப்பேன்' என்று எழுதியிருந்தவருக்குப் பரீட்சை தள்ளிப்போனபோதும் அன்றன்று செய்ய ஒரு வேலை இருந்தது. முடிவு பிறர் கையில் இருக்கலாம். முயற்சியின் அளவு நம் கையில் இருக்க வேண்டும். இலக்கை வகுக்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கலாகாது.

நானும் ஓர் இலக்கு வைத்திருக்கிறேன். வார இறுதிகளில் பட்டப்பின் கல்வி டிப்ளோமா படித்த நாட்களில், வேலைநாளில் எனக்கென்று மிஞ்சுவது நாற்பது நிமிடமே என்று கணக்கிட்டிருந்தேன். அந்த நாற்பது நிமிடத்துக்குள் அடங்குவதாகவே இதையும் தெரிந்தெடுத்தேன். என் ஊரில் மாடு கட்டிச் சூடு மிதித்த காலத்துச் சொற்களைத் தொகுப்பது என்பதே அது. வயலில் இன்று அறுவடை இயந்திரம் இறங்குகிறது. களத்தோடு களத்துச் சொற்களும் போகின்றன. முதலாண்டில் கேட்டு எழுதுவது, இரண்டாம் ஆண்டில் வகைப்படுத்திப் பொருள் எழுதுவது, மூன்றாம் ஆண்டில் சிறு நூலாக அச்சிடுவது என்று வகுத்துக்கொண்டேன். கேட்க வேண்டிய முதியவர்கள் பதினொருவரின் பெயர்களைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதினேன். ஒன்பது பேரிடம் கேட்டாயிற்று. எஞ்சிய இருவருக்கும் எண்பது கடந்துவிட்டது; வருகிற தைப்பொங்கல் விடுமுறை அவர்களுக்கென்று குறித்திருக்கிறேன்.

இலக்குக்கு ஆண்டு குறிப்பது ஏன் என்பதற்கு இதைவிட விளக்கம் எனக்குத் தெரியாது. நாம் முடிக்க நினைக்கும் பெரும்பாலான காரியங்களுக்கு யாரோ ஒருவர் காத்திருக்கிறார்; அவரும் முதுமை அடைந்துகொண்டிருக்கிறார். பெற்றோராக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், நொறுங்கும் ஓர் ஏடாகவும் இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிந்தாமணி உரையில் நச்சினார்க்கினியர் எடுத்தாண்ட மேற்கோள்களைத் தேடிச் சென்றபோதுதான் பழைய சங்க நூல்கள் ஐயருக்கு அறிமுகமாயின. பின்னர் 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று இரண்டு, மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒன்றாக வெளியிட்டார். 1880இல் இந்தப் பட்டியல் அவர் மனத்தில் இருந்திருக்க முடியாது. ஒன்றை முடித்த கைக்குத்தான் அடுத்தது இன்னது என்று தெரிகிறது.

ஆகவே நேயர்களே, வாழ்நாள் முழுவதற்கும் திட்டமிட வேண்டாம். மூன்று ஆண்டு போதும். ஒரு காரியத்தை எழுதுங்கள். முடிந்தது என்பதற்கு அடையாளம் எது என்று அதன் கீழே எழுதுங்கள். நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் கொடுக்க முடியும் என்பதை உண்மையாக எழுதுங்கள். பிறகு அந்தத் தாளை வீட்டில் உள்ள ஒருவரிடம் காட்டுங்கள். அடுத்த தையில் அவர் கேட்பார்.