பழைய வீடும் பூஞ்சணமும்: யாரைக் கொண்டு சோதிப்பது? எதைக் கேட்பது?



குளிர் தொடங்கி வீடுகளில் ஹீட்டிங் போட ஆரம்பித்ததும், எம்மைப் போன்ற குடும்ப வைத்தியர்களிடம் எம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இரண்டு. "டொக்டர், பிள்ளைக்கு இரவிலே இருமல் நிற்குதில்லை. அறைச் சுவரிலே கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருக்கு. அதனாலேயோ?" என்பது முதலாவது. "வீட்டுச் சொந்தக்காரருக்குக் காட்ட ஒரு கடிதம் தருவீங்களோ?" என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும், இடையில் எழும் "ஆளைக் கூப்பிட்டு வீட்டைச் சோதிக்க வேண்டுமா?" என்ற கேள்விக்கும் இம்முறை பதில் தர விரும்புகிறோம்.

பழைய வீட்டில் ஏன் இவ்வளவு பூஞ்சணம்?

இல்ஃபோர்ட்டின் பல தெருக்கள் நூறு வயதைத் தாண்டியவை. செவன் கிங்ஸ், குட்மேஸ் பகுதிகளில் கமரன் கோர்பெட் என்பவர் 1890களில் தொடங்கி வரிசை வரிசையாக வீடுகளைக் கட்டினார். அந்த வீடுகளுக்காகவே செவன் கிங்ஸ் ரயில் நிலையம் 1899இலும் குட்மேஸ் நிலையம் 1901இலும் திறக்கப்பட்டன.

அக்காலத்து வீடுகளின் வெளிச்சுவர் பெரும்பாலும் ஒன்பது அங்குலத் தடிப்புள்ள ஒரே சுவர். பிற்காலத்து வீடுகளைப் போல இரண்டு சுவர்களும் நடுவில் இடைவெளியும் அதற்கு இல்லை. ஆகவே குளிர் நேராக உள்ளே இறங்கும். ஆனால் அன்று அறைக்கு அறை நெருப்படுப்பும் புகைபோக்கியும் இருந்தன. மர யன்னல்களின் இடுக்குகளால் காற்று போய்வந்தது. மரத்தளத்தின் கீழே ஓட்டைக் கற்கள் வழியாகக் காற்றோட்டம் இருந்தது. வீடு குளிராக இருந்தாலும் ஈரம் வெளியேற வழி இருந்தது.

இன்று நாம் புகைபோக்கியை அடைத்துவிட்டோம். இரட்டைக் கண்ணாடி பிளாஸ்டிக் யன்னல் போட்டுவிட்டோம். முன்வளவில் கார் நிறுத்தக் கல் பதித்து நிலத்தை உயர்த்திவிட்டோம். இதனால் ஓட்டைக் கற்கள் மூடுப்படுகின்றன. சுவரின் அடியிலுள்ள ஈரத்தடுப்புப் படையும் நிலத்துக்குக் கீழே போய்விடுகிறது. அந்தப் படை வெளிநிலத்திலிருந்து ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும்.

நால்வர் உள்ள ஒரு குடும்பம் மூச்சுவிடுவது, சமைப்பது, குளிப்பது, உடுப்புக் காயவைப்பது என்று ஒரு நாளைக்குப் பத்து லீட்டர் அளவு நீரைக் காற்றில் கலக்கிறது. சோறு வடித்து, புட்டும் இடியப்பமும் அவிக்கும் எமது குசினிகளில் ஆவி குறைவாக இருக்காது. 20 பாகை வெப்பமும் 60 வீத ஈரப்பதனும் உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். அதில் கண்ணாடியோ சுவரோ 12 பாகைக்குக் குளிர்ந்தால் தண்ணீர் துளிர்க்கும். பூஞ்சணத்துக்கோ துளிர்க்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதன் 80 வீதத்தில் நின்றாலே அது வளரும். அதற்குச் சுவர் 15 பாகை அளவில் இருந்தால் போதும். அலுமாரிக்குப் பின்புறம், வெளிச்சுவரின் மூலை, யன்னலின் மேற்புறம் ஆகிய இடங்களில் அது முதலில் தலைகாட்டுவது இதனால்தான்.

உடலுக்கு என்ன செய்கிறது?

பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாத வித்துகளைக் காற்றில் விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், முட்டு, ஆஸ்த்துமா, சுவாசத் தொற்று ஆகியவை அதிகம். மூக்கு ஒழுகுதல், கண் கடி, தோல் எக்சிமா கூடுதல் என்பனவும் வரலாம்.

சிறு குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், ஆஸ்த்துமா உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், உறுப்பு மாற்றம் செய்தவர்கள் ஆகியோர் கூடிய கவனம் எடுக்க வேண்டும். எமது சமூகத்தில் இன்னொரு பிரிவினரும் உண்டு. முன்னர் காசநோய் வந்து மாறிய சிலருடைய நுரையீரலில் குழிகள் தங்கிவிடும். அக்குழிகளில் அஸ்பெர்ஜிலஸ் என்னும் பூஞ்சணம் குடியேறக்கூடும். காசநோய் வந்து மாறியவருக்கு நாட்பட்ட இருமல், நிறை குறைதல், சளியில் இரத்தம் என்பன இருந்தால் தாமதியாமல் வைத்தியரிடம் வரவேண்டும்.

"கறுப்புப் பூஞ்சணம்தான் நஞ்சு, மற்றது பரவாயில்லை" என்று சிலர் சொல்வர். நிறத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. எந்த நிறமானாலும் அகற்ற வேண்டும். ஈரத்தின் காரணத்தையும் தீர்க்க வேண்டும்.

ஆவாப் என்ற குழந்தை

ஆவாப் இஷாக், சூடானில் இருந்து வந்த பெற்றோரின் பிள்ளை. வட இங்கிலாந்தின் றொச்டேல் நகரில், வீடமைப்பு நிறுவனம் ஒன்றின் ஓரறை வீட்டில் வளர்ந்தான். தந்தை 2017இலேயே பூஞ்சணம் பற்றி முறையிட்டார். மேலே பெயின்ற் அடிக்குமாறு அவருக்குச் சொல்லப்பட்டது. 2020 டிசம்பர் 21ஆம் திகதி, இரண்டு வயதில், ஆவாப் இறந்தான். வீட்டுப் பூஞ்சணத்தை நீண்டகாலம் சுவாசித்ததால் ஏற்பட்ட கடும் சுவாச நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். குடும்பத்தின் வாழ்க்கை முறைதான் காரணம் என்று தாம் ஊகித்தது தவறு என்பதை அந்நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது.

"நீங்கள் சமைக்கிற விதம்தான் பிழை" என்ற பேச்சை எம்மவர்களும் கேட்டிருப்பார்கள். சமைப்பதும் குளிப்பதும் குற்றமல்ல. வாழ்வதால் வரும் ஈரத்தைத் தாங்கும்படி வீடு இருக்க வேண்டும். வாடகையாளரின் வாழ்க்கை முறையைக் குறைகூறக் கூடாது என்று 2023 செப்டெம்பரில் அரசு வெளியிட்ட வழிகாட்டலும் கூறுகிறது.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

சோதனைக்கு ஆள் கூப்பிட முன்னர் நாமே சிலவற்றைப் பார்க்கலாம்.

1. ஆவி படிதல்: குளிர்காலத்தில் கூடும், கோடையில் குறையும். மூலைகளிலும் அலுமாரிக்குப் பின்னும் கரும்புள்ளிகள் வரும். இதுவே மிகப் பொதுவானது.

2. வெளியிலிருந்து ஊறுதல்: பீலி உடைந்திருக்கும், ஓடு விலகியிருக்கும், அல்லது கற்களுக்கிடையே சாந்து உதிர்ந்திருக்கும். மழைக்குப் பின் ஒரே இடத்தில் ஈரத்திட்டு பெருக்கும்.

3. நிலத்திலிருந்து ஏறுதல்: கீழ்மாடிச் சுவரில் ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரம் வரை கறைக்கோடும் வெள்ளை உப்பும் தெரியும். அந்த உப்பின் காரணமாக இங்கே பூஞ்சணம் அவ்வளவாக வளராது. சுவரின் மேல்மூலையில் கரும்புள்ளி இருக்க, "நிலத்து ஈரம் ஏறுகிறது" என்று ஒருவர் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

4. குழாய்க் கசிவு: பருவகாலத்தோடு தொடர்பில்லாமல் எப்போதும் ஈரமாக இருக்கும். தண்ணீர் மீற்றர் இருந்தால், எல்லாக் குழாய்களையும் பூட்டிய பின்னும் அது ஓடுகிறதா என்று பாருங்கள்.

யாரைக் கொண்டு சோதிப்பது?

"இலவசச் சோதனை" என்று வரும் ஆட்கள் பலர் சுவரில் ஊசிபோட்டு மருந்து ஏற்றும் வேலையை விற்பவர்கள். வேலை கிடைத்தால்தான் அவர்களுக்கு வருமானம். சொந்த வீடானால், வேலை எதையும் விற்காத, கட்டணம் பெற்று அறிக்கை மட்டும் தரும் சேர்வேயரைத் தேடுங்கள். அவர் ஆர்.ஐ.சி.எஸ் அங்கத்தவரா, பழைய கட்டடங்களில் அனுபவம் உண்டா என்று கேளுங்கள். இதற்குச் சில நூறு பவுண் செலவாகலாம். தேவையற்ற ஊசிவேலைக்கும் புதுப்பூச்சுக்கும் ஆயிரக்கணக்கில் போகும்.

சுவரில் இரண்டு முள்ளைக் குத்தி எண் காட்டும் கருவியை மட்டும் நம்பி முடிவு சொன்னால் அது முழுமையான சோதனை அல்ல. அக்கருவி மரத்துக்கென அமைந்தது. சுவரில் உப்பிருந்தாலும், சுவர்க்கடதாசியில் உலோகத்தாள் இருந்தாலும் அது கூட்டிக் காட்டும். ஆர்.ஐ.சி.எஸ், ஹிஸ்ரோறிக் இங்கிலன்ட், புறொப்பற்றி கெயார் அசோசியேசன் ஆகிய மூன்றும் 2022 செப்டெம்பரில் பழைய கட்டடங்களின் ஈரத்தை ஆராயும் முறை பற்றி ஒரு கூட்டறிக்கையே வெளியிட்டன. நல்ல சோதனையாளர் பின்வருவனவற்றைச் செய்வார்:

- முதலில் வெளியே சென்று பீலி, கூரை, சாந்து, நிலமட்டம், ஓட்டைக் கற்கள் ஆகியவற்றைப் பார்ப்பார்.
- வீட்டின் வரலாற்றையும், எப்போது, எங்கே ஈரம் கூடுகிறது என்பதையும் கேட்பார்.
- சுவரின் வெப்பநிலையையும் அறையின் ஈரப்பதனையும் அளப்பார். தேவையானால் பதிவுக்கருவியைச் சில வாரங்கள் வைப்பார்.
- காற்றிழுக்கும் விசிறிகளின் வேகத்தை அளப்பார். புதிதாகப் பொருத்துவதற்குரிய விதிகளின்படி குளியலறை விசிறி செக்கனுக்கு 15 லீட்டரும், அடுப்புக்கு மேலுள்ளது 30 லீட்டரும் இழுக்க வேண்டும்.
- ஐயமிருந்தால் சுவரைச் சிறிது துளைத்து மாதிரி எடுத்து உண்மையான ஈரத்தை அளப்பார்.
- காரணம், செய்யவேண்டிய வேலை, அதன் ஒழுங்கு ஆகியவற்றை எழுத்தில் தருவார்.

காற்றில் வித்துகளை எண்ணும் ஆய்வுகூடச் சோதனைக்குப் பொதுவாகப் பணம் செலவிடத் தேவையில்லை. "இந்த எண்ணிக்கைக்குக் கீழே பாதுகாப்பு" என்று ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு கிடையாது. எந்த வகைப் பூஞ்சணமானாலும் பரிகாரம் ஒன்றே.

வாடகை வீடானால்

வாடகை வீட்டில் சோதனைக்கு நீங்கள் முதலில் பணம் கொடுக்கத் தேவையில்லை. இன்றே எழுத்தில் முறையிடுங்கள். திகதியிட்ட படங்களை இணையுங்கள். வீட்டில் குழந்தை, முதியவர், ஆஸ்த்துமா உள்ளவர் இருந்தால் அதையும் எழுதுங்கள். வைத்தியரின் கடிதம் கேட்டால் நாம் நோயையும் சிகிச்சையையும் எழுதித் தருவோம். ஆனால் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவ ஆதாரத்துக்காகத் திருத்த வேலையைத் தாமதிக்கக் கூடாது என்பதும் அந்த 2023 வழிகாட்டலில் உள்ளது.

கவுன்சில் அல்லது வீடமைப்புச் சங்க வீடானால், 2025 ஒக்டோபர் 27 முதல் "ஆவாப் சட்டம்" நடைமுறைக்கு வந்துள்ளது. உடனடி ஆபத்தை 24 மணி நேரத்துள் சரிசெய்ய வேண்டும். கணிசமான ஆபத்துள்ள ஈரத்தையும் பூஞ்சணத்தையும் 10 வேலைநாட்களுக்குள் ஆராய வேண்டும். ஆராய்ந்து முடிந்ததும் 3 வேலைநாட்களுக்குள் எழுத்தில் முடிவு தரவேண்டும். 5 வேலைநாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். முடியாவிட்டால் தங்க வேறிடம் தரவேண்டும். செய்யாவிடில் நிறுவனத்திடம் முறைப்பாடு கொடுத்து, பின்னர் வீடமைப்பு ஒம்புட்ஸ்மனிடம் போகலாம்.

தனியார் வாடகை வீடானால், வீடு மனிதர் வாழத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற 2018ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்கும் உண்டு. சொந்தக்காரர் அசையாவிட்டால் றெட்பிறிட்ஜ் கவுன்சிலின் வீடமைப்புப் பகுதிக்கு அறிவித்து, வீட்டை வந்து பார்க்கும்படி கேளுங்கள். 2004 வீடமைப்புச் சட்டத்தின் கீழ் அளக்கப்படும் 29 ஆபத்துகளில் ஈரமும் பூஞ்சணமும் ஒன்று. அது முதல்தர ஆபத்து என்று கண்டால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும்.

"சொன்னால் வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்கள்" என்ற பயம் எம்மவர்களுக்கு நிறைய. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு அந்தப் பயம் இருப்பது இயல்பு. காரணம் கூறாமலே எழுப்ப இடம்கொடுத்த 21ஆம் பிரிவை நீக்கும் சட்டம் 2025இல் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரும் நாளாக 2026 மே 1 குறிக்கப்பட்டது. சந்தேகம் இருந்தால் சிற்றிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் இலவச ஆலோசனை பெறுங்கள். மொழி தடையானால் எமது சங்கத்தில் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். வாடகையை மட்டும் நிறுத்த வேண்டாம்; அது உங்களுக்கே பாதகமாகும்.

இன்றே செய்யக்கூடியவை

- அவிக்கும்போதும் வடிக்கும்போதும் சட்டியை மூடுங்கள். குசினிக் கதவைச் சாத்தி, விசிறியைப் போடுங்கள்.
- விசிறி இழுக்கிறதா என்று அறிய ஒரு கடதாசித் தாளைப் பிடித்துப் பாருங்கள். ஒட்டிக்கொள்ள வேண்டும்.
- உடுப்புகளை ரேடியேற்றரில் போடாமல், குளியலறையில் கதவைச் சாத்தி விசிறியைப் போட்டுக் காயவிடுங்கள்.
- அலுமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.
- குறைந்தது 18 பாகை வெப்பத்தைப் பேண முயலுங்கள். செலவு சுமையானால் கவுன்சிலில் உதவி கேளுங்கள்.
- ஈரப்பதன் காட்டும் சிறு கருவி பத்துப் பவுண் அளவில் கிடைக்கும். 40க்கும் 60க்கும் இடையில் இருக்கட்டும்.
- ஒரு சதுர மீற்றருக்குக் குறைந்த பூஞ்சணத்தை நாமே துடைக்கலாம். முகமூடி, கையுறை, கண்ணாடி அணிந்து ஈரத்துணியால் துடையுங்கள். உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் வித்துகள் பறக்கும். பிளீச்சுடன் வேறு மருந்தைக் கலக்காதீர்கள். ஆஸ்த்துமா உள்ளவர் இதைச் செய்யக் கூடாது.

பூஞ்சணம் அகலும்வரை ஆஸ்த்துமா மருந்தை நிறுத்த வேண்டாம். நீலப் பம்ப் வாரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ தேவைப்பட்டாலோ, இரவில் இருமி எழும்பினாலோ வைத்தியரிடம் வாருங்கள். பிள்ளை மூச்சுவிடக் கஷ்டப்பட்டு, விலாப் பகுதி உள்ளிழுத்து, பேசவோ குடிக்கவோ முடியாமல் இருந்தால் உடனே 999ஐ அழையுங்கள்.

அடுத்த முறை வைத்தியரிடம் இருமலுக்கு வரும்போது அறைச் சுவரின் படத்தையும் கைத்தொலைபேசியில் எடுத்து வாருங்கள். நாம் கேட்க மறந்தாலும் நீங்களாகவே காட்டுங்கள்.