நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு வரும் கடிதம்

பதுளை மாவட்டத் தோட்டங்களில் உயர்தரம் முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளோடு பேசினால், அவர்கள் முதலில் சொல்லும் குறை சம்பளம் பற்றியதாக இருக்காது. கடிதம் பற்றியதாக இருக்கும். பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹல்துமுல்ல என்று எந்தப் பக்கம் போனாலும் இதைக் கேட்கலாம். பெரும்பாலான லயன் வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், அவ்வளவுதான். தபால் தோட்ட ஆபீசுக்கு மொத்தமாக வரும். அங்கிருந்து யாராவது எடுத்துவர வேண்டும். ஒரே டிவிஷனில் ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். செவ்வாய்க்கிழமை நடக்கும் நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு வியாழக்கிழமை கைக்கு வரும்.

வேலையில்லாத காலத்தில் மனம் தளராமல் இருப்பது எப்படி என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மனத்திலிருந்துதான் தொடங்குவார்கள். நான் தபாலில் தொடங்குகிறேன். என் அனுபவத்தில் ஒருவரை அதிகம் உடைப்பது நிராகரிப்பு அல்ல, பதிலே வராமல் இருப்பது. பத்து விண்ணப்பங்களுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால் பதினோராவதை மாற்றி எழுதலாம். ஒன்றுக்குமே பதில் இல்லையென்றால் எதை மாற்றுவது? அப்போதுதான் ஆள் தன்னையே குறை சொல்லத் தொடங்குவார்.

1930களின் தொடக்கத்தில் ஒஸ்ரியாவில், வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்ற கிராமத்தில் மரீ யஹோடா, போல் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய மூவரும் நண்பர்களும் ஓர் ஆய்வு செய்தார்கள். அந்த ஊரே நம்பியிருந்த நெசவாலை மூடப்பட்டிருந்தது. எல்லோருக்கும் நேரம் நிறைய இருந்தது. ஆனால் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே தளர்ந்திருந்தது. நடுவழியில் காரணமில்லாமல் நின்றார்கள். வீட்டு வேலை இருந்ததால் பெண்கள் வேகமாக நடந்தார்கள். வேலை சம்பளத்தோடு வேறு சிலவற்றையும் தருகிறது என்று யஹோடா பின்னர் விளக்கினார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், கூடிச் செய்யும் ஒரு நோக்கம், ஊரில் ஓர் இடம். வேலை போகும்போது இவையும் சேர்ந்து போகின்றன.

தோட்டத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஊடகக் கற்கையில் பட்டம் முடித்துவிட்டு நானும் ஒன்றரை வருடம் ஹாலிஎலப் பக்கத்தில் வீட்டிலிருந்தேன். காலையில் சங்கு ஊதியதும் லயம் காலியாகிவிடும். அம்மா கொழுந்துக்குப் போய்விடுவார். மிஞ்சுவது வயதானவர்களும் நானும்தான். "என்னம்மா, இன்னும் சரிவரலையா? தோட்டத்துலயாவது பேர் பதியலாமே" என்று பக்கத்து வீட்டு ஆயா அக்கறையோடுதான் கேட்பார். அந்த அக்கறைக்குப் பயந்தே பகலில் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். பிள்ளை படித்ததே பேர் பதியாமல் இருப்பதற்குத்தான் என்பது அந்தக் கேள்வியில் இருக்காது. நாட்கூலி 2021இல் 1,000 ரூபா, 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா. ஒரு பிள்ளை நேர்முகப் பரீட்சைக்குக் கொழும்பு போய்வர, தாய் சில நாட்கள் கொழுந்து எடுக்க வேண்டும். அந்தக் கணக்கு பிள்ளைக்கும் தெரியும். அதனால் மூன்றாவது, நான்காவது முறை போகவே மனம் வராது. இதைச் சோம்பல் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

எனக்கு உதவியது ஒரு சிறிய விஷயம். அரச வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும். பதவி வெற்றிடங்களும் பரீட்சை அறிவித்தல்களும் அதில் தமிழிலும் இருக்கும், இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கும். பிள்ளை மடுவத்துக்குப் பின்னால் நாலைந்து பேர் கூடி, ஒரு போனில் அதைப் பார்க்கத் தொடங்கினோம். யாருக்கு எது பொருந்தும், முடிவுத் திகதி என்ன, எந்தச் சான்றிதழ் குறைகிறது என்று ஒரு கொப்பியில் எழுதினோம். பதுளைக்குப் போகிற ஒருவர் எல்லோருடைய போட்டோகொப்பியையும் பதிவுத் தபாலையும் முடித்துவந்தார். பஸ் காசு மிச்சம். அதைவிட, வெள்ளிக்கிழமை என்று ஒரு நாள் வாரத்தில் திரும்பவும் உண்டானது. எங்களில் எல்லோருக்கும் வேலை கிடைக்கவில்லை. ஆனால் கதவைச் சாத்தியிருந்தது நின்றது.

முகவரிப் பிரச்சினைக்கு நிரந்தரத் தீர்வு ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் வீட்டு வாசலுக்கு வரும் தபாலும்தான். அதுவரை பலர் செய்வது, நிரந்தர முகவரியாகத் தோட்டத்தையும் தபால் முகவரியாக டவுனில் நம்பிக்கையான உறவினரையோ கடையையோ கொடுப்பது. நிரந்தர முகவரியை மட்டும் மாற்றிவிடாதீர்கள். கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழோடு அது பொருந்தாவிட்டால், பிரதேசத்தில் வசிப்பவர்களுக்கென்று வரும் வெற்றிடங்கள் கைநழுவிப்போகும்.

மொழி பற்றியும் சொல்லவேண்டும். பண்டாரவளை, ஹப்புத்தளை, ஹல்துமுல்ல, ஹாலிஎல, பசறை முதலிய பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே சிங்களம், தமிழ் இரண்டிலும் நிர்வாகம் நடக்கவேண்டிய பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. அரச சேவைக்கான பரீட்சையைத் தமிழில் எழுதும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. வேலை கிடைத்தபின் சிங்களம் கற்கச் சொல்லலாம், அது வேறு. "சிங்களத்தில் நிரப்பிக் கொண்டு வா" என்று கவுண்டரில் திருப்பி அனுப்பினால், அது உங்கள் தகுதிக் குறைவு அல்ல. படிவத்தைத் தமிழில் கேளுங்கள். தனியாகப் போகாமல் இருவராகப் போனால் கேட்பது சுலபம்.

இதை வன்னியிலிருந்து வாசிப்பவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து போய் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே வேலை தேடுகிறார்கள். 2017இல் யாழ்ப்பாணத்தில் பட்டதாரிகள் வேலை கேட்டு நாட்கணக்கில் வீதியோரம் இருந்ததும் நினைவிருக்கும். அரச நியமனத்துக்காகவே வருடங்களைக் கழிப்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நியமனம் கேட்பது நியாயம். ஆனால் அது வரும்வரை கையில் வேறு காகிதமும் இருக்கட்டும் என்பேன்.

அந்தக் காகிதம் பலருக்குத் தெரியாமலே கிடக்கிறது. வெள்ளவத்தை பேக்கரியில் ஏழு வருடம் வேலை செய்துவிட்டு வெறுங்கையோடு தோட்டத்துக்குத் திரும்பிய பையன்களைப் பார்த்திருக்கிறேன். மேசன் வேலை, வயரிங், தையல், சமையல் என்று செய்து பழகிய தொழிலுக்கு, பாடநெறி படிக்காமலே தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற முடியும். முன்னனுபவத்தை மதிப்பிடுதல் என்பது அந்த வழியின் பெயர். மதிப்பீட்டாளர் உங்களை வேலை செய்யச் சொல்லிப் பார்ப்பார், கேள்வி கேட்பார். வேலை கொடுத்தவரின் கடிதம், செய்த வேலைகளின் படங்கள் இருந்தால் நல்லது. மூன்றாம், நான்காம் மட்டச் சான்றிதழ்கள் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் பயன்படும். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையத்திலோ, பிரதேச செயலகத்தில் இருக்கும் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ விசாரியுங்கள். வேலைத்தளத்தை விட்டு வருவதற்கு முன்னரே முதலாளியிடம் சேவைக் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் போனையும் எடுக்கமாட்டார்கள்.