எந்த லயத்துப் பய?

கேமரன் மலை, தானா ராத்தாவில் மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம். நான்காம் படிவம் படிக்கும் அந்தப் பெண் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். பள்ளித் தீபாவளி விழாவில் ஆடிய நடனம், நாற்பது நொடிக் காணொளி. கீழே இருநூறுக்கும் மேற்பட்ட கருத்துகள். பாராட்டு, இதயம், நெருப்புச் சின்னம். அவளுடைய கட்டைவிரல் அவற்றில் எதிலும் நிற்கவில்லை. சரசரவென்று இறங்கி ஓர் இடத்தில் நின்றது. அந்த இடம் அவளுக்கு மனப்பாடம். மூன்று பேர் எழுதியிருந்தார்கள். ஒன்று நிறத்தைப் பற்றி, ஒன்று உடம்பைப் பற்றி, மூன்றாவது அவள் அம்மாவை இழுத்துவைத்து. ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தாலும் மூன்றும் சுத்தத் தமிழ் வசவு.

இரண்டு வாரம் அவள் பள்ளிக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாட்டி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். உண்மைக் காரணம் தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "யாருடி அவன்? எந்த லயத்துப் பய?"

பேத்தியிடம் பதில் இல்லை. ஒரு நடிகரின் படம், ஒரு பொய்ப்பெயர், அதன் பின்னால் நான்கு எண்கள். அவ்வளவுதான் அவன்.

பாட்டியின் கேள்விக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை முறையே இருக்கிறது. 1929-இல் ரஸ்ஸல் என்பவர் இந்த மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து, காட்டை வெட்டிக் கன்று நட்ட தமிழர்கள் லயம் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்தார்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இங்கே இருமினால் அங்கே கேட்கும். புறம்பேச்சுக்குக் குறைவே இல்லை. ஒரு பெண்ணின் பெயர் கெட்டால் அவள் வெளியே தலைகாட்ட முடியாத கொடுமையும் அந்த லயத்தில் இருந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் பேசிய வாய்க்கு ஒரு முகம் இருந்தது. மறுநாள் விடியலில் அவனும் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்தாக வேண்டும். பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயில் திருவிழாவில் அவனுடைய அம்மா எதிரே நிற்பாள். போய்க் கதவைத் தட்டி, "என்ன பேச்சு பேசியிருக்கான் உன் மகன்" என்று கேட்க ஒரு கதவு இருந்தது.

ஈஷாவுக்கு அந்தக் கதவு கிடைக்கவில்லை. ராஜேஸ்வரி அப்பாஹூ என்ற இயற்பெயர் கொண்ட அவர், டிக்டாக்கில் பலர் அறிந்த முகம். நேரலைகளில் தொடர்ந்து வந்த ஆபாச வசவையும் மிரட்டலையும் பற்றிக் கோலாலம்பூர் போலீசில் புகார் கொடுத்தார். மறுநாள், 2024 ஜூலை 5-ஆம் தேதி, உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 30. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2020 மே மாதத்தில், பினாங்கில் 20 வயதுத் தமிழ்ப் பெண் ஒருவரும் இப்படித்தான் போனார். அவருடைய டிக்டாக் காணொளியை யாரோ முகநூலில் எடுத்துப்போட்டுக் கேலி செய்ய, கூட்டம் சேர்ந்துகொண்டது.

ஈஷா வழக்கில் ஒரு பெண்ணுக்கு 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தின்கீழ் 100 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அந்தச் சட்டம் அனுமதித்த உச்ச அபராதமே அதுதான். நாடே கொதித்தது. 2024 டிசம்பரில் மக்களவை தண்டனைச் சட்டத்தைத் திருத்தியது. 507-பி முதல் 507-ஜி வரையிலான புதிய பிரிவுகள் 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்தன. பகடிவதை ஒருவரை உயிரை மாய்க்கத் தூண்டினால் 10 ஆண்டு வரை சிறை. சட்டம் வந்ததில் எனக்கு நிறைவுதான். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: இரண்டு மரணங்களிலும் பலியானவர்கள் நம் பெண்கள். ஈஷா வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களும் நம்மவர்களே.

செயலிகளின் அமைப்பும் இந்தப் பகடிவதைக்கு எண்ணெய் வார்க்கிறது. டிக்டாக் நேரலையில் இருவர் மோதலாம்; பார்ப்பவர்கள் காசு கொடுத்து வாங்கிய பரிசுச் சின்னங்களை வீசுவார்கள். சண்டை சூடானால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் காசு. அங்கே விலக்கிவிட யார் வருவார்கள்?

சமூக ஊடகமே பிள்ளைகளின் மனநோய்க்குக் காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் தரவுகளை அலசி ஏமி ஓர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி இருவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களின் நல்வாழ்வில் காணும் வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாட்டின் பங்கு 0.4 விழுக்காட்டைத் தாண்டவில்லை என்றது. அமெரிக்கத் தலைமை மருத்துவராக இருந்த விவேக் மூர்த்தியோ 2023-இல், நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் அதில் இருக்கும் பிள்ளைகளுக்கு மனநலக் கேட்டின் அபாயம் இரு மடங்கு என்று எச்சரித்தார். இரண்டையும் படித்தேன். சராசரி சிறியதாகவே இருக்கட்டும். அந்தக் கட்டைவிரல் இருநூறு நல்ல சொற்களைத் தாண்டிப்போய் மூன்றில் நின்றதே, அந்த நொடியைச் சராசரியால் அளக்க முடியாது. நம் சுகாதார அமைச்சின் 2022-ஆம் ஆண்டு ஆய்வில், வளரிளம் பருவத்தினரில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் தெரிந்தன. ஒரு வகுப்பில் நாற்பது பேர் என்றால் பத்துப் பேர்.

தானா ராத்தாவிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. அந்தப் பெண்ணின் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். ஆனாலும் அம்மா தயங்கினார். "டாக்டர்கிட்ட போனா பைத்தியம்னு பேர் வச்சிருவாங்க அண்ணே." தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவை நாடாளுமன்றம் நீக்கியதே 2023-இல்தான். ஊர்வாய்க்குப் பயப்படும் பழக்கம் இன்னும் போகவில்லை. மருத்துவமனைக்குப் போகத் தயங்குகிறவர்கள் முதலில் தொலைபேசியில் பேசலாம்: சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555, பிஃபிரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929.

கடைசியில் அம்மா பள்ளி ஆலோசகரைப் பார்த்தார், பிறகு மகளோடு மருத்துவமனைக்கும் போனார். அந்த மூன்று கருத்துகளையும் படம்பிடித்துவைத்த பிறகே அழித்தார்கள். வேண்டுமானால் போலீசுக்குக் கொடுக்கலாம் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார்.

பாட்டி தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். இரவு ஒன்பது மணிக்குப் பேத்தியின் கைப்பேசியை வாங்கி, ரேகை அழிந்த தன் விரல்களால் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். முதல் வாரம் பேத்தி நடுராத்திரியில் எழுந்து வந்து டின்னைத் தடவியிருக்கிறாள். பாட்டி அதட்டவில்லை. பாயில் நகர்ந்து இடம் விட்டிருக்கிறார். அங்கேயே படுத்து, யார் அந்த மூன்று பேர் என்று பேத்தி புலம்ப, பாட்டி தன் பதினாறு வயதில் லயத்தில் தன்னைப் பற்றி ஒருவன் கட்டிவிட்ட கதையை முதல்முறையாக அவளிடம் சொன்னாராம். அவன் பெயர், அவன் வீட்டு எண், அவனுடைய அம்மா தன்னிடம் வந்து அழுதது வரை.